பின் ஆக்ஸிலில் ஹப் போல்ட் மாற்றுவது எப்படி? வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

டயர் கழற்றும்போது ஒரு நட் மட்டும் கழலாமல் போல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அல்லது ஸ்பேனரை அழுத்தியதும் ‘டக்’கென்று போல்ட் முறிந்து நட்டோடு கையில் வந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் தீர்வு ஒன்றுதான்: சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்தப் பழைய போல்ட்டை, அதாவது ஹப் போல்ட்டை, வெளியே தள்ளிவிட்டுப் புதியதை இழுத்து உட்கார வைக்க வேண்டும். முன் சக்கரத்தில் இதற்கு இடம் ஓரளவு தாராளமாகக் கிடைக்கும். பின் சக்கரத்தில் டிரம், பிரேக் ஷூ, ஷூவுக்குப் பின்னால் இருக்கும் தகடான பேக் பிளேட் எல்லாம் குறுக்கே நிற்பதால் வேலை கொஞ்சம் நுணுக்கமானது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டொயோட்டா இன்னோவா (முன் சக்கர இயக்கமுள்ள ஹைகிராஸ் அல்ல). பின் சக்கர இயக்கம், ஒரே குழலாக வரும் பின் ஆக்ஸில், டிரம் பிரேக், சக்கரத்துக்கு ஐந்து போல்ட். ஆக்ஸில் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள வட்டத் தட்டில், அதாவது ஃபிளாஞ்சில்தான் போல்ட்டுகள் பதிந்திருக்கின்றன. டிரம் அவற்றின் மேல் சும்மா மாட்டியிருக்கும். இதே அமைப்புள்ள மற்ற வண்டிகளுக்கும் முறை இதுதான். மாருதி கார்கள் பலவற்றில் அமைப்பு வேறு. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

போல்ட் ஏன் முறிந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் புதியது போட்டால் அதுவும் முறியும். 103 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கிய ஒரு 12 மி.மீ. போல்ட், ஏறக்குறைய 4 டன் விசையோடு சக்கரத்தை டிரம் மேல் அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நகர விடாமல் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் மயிரிழை அளவு அசையத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் வளைந்து வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பது போலத்தான் அதன் முடிவும்.

முறிந்த துண்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, பழுப்பேறி, அலை அலையாகக் கோடுகளோடு இருந்து, மீதி மட்டும் புதிதாகச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால், விரிசல் பல நாட்களாக வளர்ந்து வந்திருக்கிறது. நட் லூசாக ஓடியதன் அடையாளம் அது. முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் போல்ட் இடுப்பு சிறுத்து, மரைகள் இழுபட்டு, இடைவெளி கூடித் தெரிந்தால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன்னை ‘டர்ர்ர்’ என்று அழுத்திப் பிடிப்பதும், வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். மூன்றாவது காரணம், நட்டைக் கையால் ஏற்றாமல் நேராக கன்னில் வைத்து ஏற்றுவது. மரை கோணலாகப் பிடித்து, நட் பாதி வழியில் இறுகி நின்றுவிடும்.

ஐந்தில் ஒன்று போனால் மற்ற நான்கும் ஆளுக்குக் கால் பங்கு கூடுதல் சுமை தாங்குகின்றன. நான்கு போல்ட் உள்ள வண்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. அதனால் ஒன்று முறிந்தால், அதன் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு போயிருந்தாலோ, சக்கரம் ஆடி ஓடியிருந்தாலோ அந்தச் சக்கரத்தின் ஐந்தையும் மாற்றிவிட வேண்டும். மற்றவை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே விரிசல் விட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தின் போல்ட் துளைகளையும் பாருங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம் இனி உதவாது.

வாங்க வேண்டியவை

ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் ‘ஹப் போல்ட்’ என்று கேளுங்கள். மாடல், வருடத்தோடு ‘பின் சக்கரம்’ என்பதையும் சொல்லுங்கள். ஒரே வண்டியில் முன் போல்ட்டும் பின் போல்ட்டும் நீளத்தில் மாறலாம். தேவைக்கு மேல் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளும் அதே எண்ணிக்கையில் புதிதாக வேண்டும். மரை போன போல்ட்டில் இருந்த நட்டின் மரையும் போயிருக்கும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய போல்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது எத்தனை முறை, எவ்வளவு விசையில் இழுபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது மரை. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பொதுவாக எம்12 × 1.5, மாருதியில் எம்12 × 1.25. இரண்டுக்கும் தடிமன் ஒன்றுதான், மரை இடைவெளிதான் வேறு. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகும். ஸ்பேனர் போட்டால் இரண்டு பக்க மரையும் நாசமாகும். இரண்டாவது, தலைக்குக் கீழே பல் பல்லாக இருக்கும் நர்லிங் பகுதியின் விட்டம். பழைய போல்ட்டில் வெர்னியர் வைத்து அளந்து, புதியதோடு ஒப்பிடுங்கள். 0.2 மி.மீ. குறைந்தாலே பிடிப்பு போய் போல்ட் சுற்றும். மூன்றாவது, தலைக்கு அடியிலிருந்து முனை வரை நீளம். ஒரு மி.மீ. கூடினால்கூட, போல்ட்டை உள்ளே நுழைக்க பேக் பிளேட் இடம் விடாமல் போகலாம்.

கருவிகள்: டிராலி ஜாக்கி ஒன்று, ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டு, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை நான்கு, 21 மி.மீ. சாக்கெட், நீளக் கைப்பிடி, குறித்த அளவுக்கு முறுக்கியதும் ‘க்ளிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்ச், பால் ஜாயின்ட் பிரஸ் எனப்படும் சி வடிவக் கருவி, ஒன்றரை கிலோ சுத்தியல், பித்தளைத் துண்டு, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, பிரேக் கிளீனர். இவற்றோடு நான்கைந்து தடித்த எஃகு வாஷர்களும் அதே மரையுள்ள ஒரு பழைய நட்டும். இந்தக் கடைசி இரண்டும்தான் வேலையின் உயிர். மெல்லிய தகர வாஷர் நசுங்கிவிடும், வேண்டாம்.

வண்டியைத் தூக்குதல்

சமதளமான சிமென்ட் தரை வேண்டும். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு: பின் டிரம் கழல ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும், ஃபிளாஞ்சைக் கையால் சுற்ற கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அதாவது வண்டியைப் பிடித்து வைக்க முன் சக்கர முட்டுக்கட்டைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டையை இறுக்கிச் செருகுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கும். ஆக்ஸில் குழலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் சக்கரத்தில் கை வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

நட் சுற்றிக்கொண்டே இருந்தால்

போல்ட் முறிந்திருந்தால் சக்கரம் தானாக வந்துவிடும். இந்தப் பகுதியை விட்டுவிடலாம். நர்லிங் தேய்ந்து போல்ட் சுற்றினால்தான் பாடு, ஏனென்றால் தலையைப் பின்னாலிருந்து பிடிக்க வழியில்லை.

முதலில் மற்ற நட்டுகளை இரண்டு சுற்று இளக்கி, சக்கரத்துக்கும் டிரம்முக்கும் இடையே கடப்பாரை நுனியையோ தட்டையான நெம்புகோலையோ கொடுத்து சக்கரத்தை வெளிப்பக்கம் நெம்பச் சொல்லுங்கள். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். சக்கரம் நட்டை வெளியே தள்ளும்போது போல்ட்டின் தலை ஃபிளாஞ்சின் பின்முகத்தில் அழுந்திப் பிடிக்கும். அந்த நிலையில் ஸ்ப்ரே அடித்து, நட்டை மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

அதற்கும் மசியாவிட்டால், இரும்பு ரிம்மில் நட்டின் ஒரு பக்கத்தைக் கிரைண்டரால் மெலிதாக்கி, உளி வைத்துப் பிளக்கலாம். டயர் மேலும் கீழே உள்ள பிரேக் ஹோஸ் மேலும் நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள், தீப்பொறி பறக்கும். டீசல் டாங்க் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் கிரைண்டரை எடுக்கவே கூடாது. அலாய் வீலில் நட் குழிக்குள் புதைந்திருப்பதால் உளியும் கிரைண்டரும் எட்டாது. போல்ட்டின் நடுவில் புள்ளி குத்தி, 5 மி.மீ.யில் தொடங்கி 8, 10 என்று துளையைப் பெரிதாக்கி மரையைத் தின்னும் வரை டிரில் செய்ய வேண்டும். கை கொஞ்சம் கோணினால் அலாய் போய்விடும். டிரில் நேராகப் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

டிரம்மைக் கழற்றுதல்

டிரம் எந்த நிலையில் இருந்தது என்று ஒரு போல்ட்டுக்கும் டிரம்முக்கும் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டிரம் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். துரு பிடித்து வர மறுத்தால் அவற்றில் எம்8 × 1.25 போல்ட் இரண்டை ஏற்றி, மாறி மாறி அரைச் சுற்றாக முறுக்கினால் டிரம் விடுபடும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் டிரம்மின் ஓரம் வெடிக்கும். நடுவில் விடுபட்டும் வெளியே வரவில்லையென்றால், டிரம்மில் விழுந்த விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது. பேக் பிளேட்டின் பின்னால் உள்ள ரப்பர் மூடியை எடுத்து, தானியங்கி அட்ஜஸ்டர் நெம்பைக் கம்பியால் தள்ளிப் பிடித்தபடி, பல்சக்கரத்தைத் திருப்பி ஷூவைச் சுருக்குங்கள்.

உள்ளே இருக்கும் கருந்தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே தள்ளி, பிரேக் ஆயில் கொட்டி, வேலை இரட்டிப்பாகும்.

பழைய போல்ட்டைத் தள்ளுதல்

முதல் நாள் இரவே போல்ட் துளைகளைச் சுற்றி ஸ்ப்ரே அடித்து வைத்தால் நல்லது. ஃபிளாஞ்சைச் சுற்றிச் சுற்றி, போல்ட் தலைக்குப் பின்னால் அதிக இடம் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டு ஷூக்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். அந்த நிலைக்கு ஒவ்வொரு போல்ட்டையும் கொண்டுவந்து, ஒன்றை முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

சி வடிவ பிரஸ்ஸை போல்ட் முனையில் வைத்து முறுக்கினால், ஒரு ‘டிங்’ ஒலியோடு நர்லிங் விடுபட்டுப் பின்னால் நகரும். நம்மூரில் சுத்தியலால் அடித்து எடுப்பதே வழக்கம். எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு அடியும் ஆக்ஸில் பேரிங் வழியாகத்தான் போகிறது. பேரிங் பாதையில் குண்டு பதிந்து தழும்பு விழுந்தால், பிறகு 60 கி.மீ. வேகத்தில் ‘ஊம்’ என்று சத்தம் வரும். பேரிங்கும் ஆயில் சீலும் மாற்ற வேண்டி வரும். சுத்தியல்தான் கதி என்றால் பித்தளைத் துண்டை இடையில் வைத்து நேராக, திடமாக மூன்று நான்கு அடி. அதற்கு மேல் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிரஸ்ஸைத் தேடுங்கள். போல்ட் முழுதாக இருந்தால் பழைய நட்டை முனையோடு சமமாக ஏற்றிவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் முனை பூப்போல விரிந்து துளைக்குள் சிக்கும்.

போல்ட் பின்னால் வந்தும், பேக் பிளேட் இடித்து வெளியே எடுக்க முடியாமல் நிற்கலாம். பழையதைத்தானே எறியப் போகிறோம், ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கலாம்தான். ஆனால் புதியது அதே வழியாகத்தான் நுழைய வேண்டும், அதை அறுக்க முடியாது. ஆகவே அறுப்பதற்கு முன், புதிய போல்ட்டைச் சாய்த்துப் பிடித்து இடம் போதுமா என்று பாருங்கள். போதவில்லை என்றால் ஒரு பக்கத்து ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷூவை ஒதுக்குங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்; ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஷூவை ஒதுக்கியும் இடம் கிடைக்காத வண்டிகளில் ஆக்ஸில் ஷாஃப்ட்டையே உருவ வேண்டும். சீல், கியர் ஆயில் என்று வேலை நீளும். அது வீட்டு வேலை இல்லை.

புதிய போல்ட்டை உட்கார வைத்தல்

எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. போல்ட்டின் தலை ஃபிளாஞ்சின் பின்முகத்தில் முழுதாகப் படிய வேண்டும். அரை மி.மீ. இடைவெளி இருந்தாலும், டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சரியான அளவைக் காட்டும், நட்டும் இறுகியதாகவே தெரியும். சாலையில் ஓட ஓட அந்தத் தலை மெல்ல உள்ளே இழுபட்டுப் படியும். படிந்ததும் நட் லூசாகிவிடும்.

துளையையும் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் துரு, மண், பெயின்ட் துணுக்கு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டைப் பின்னாலிருந்து நுழைத்து விரலால் மெதுவாகத் திருப்புங்கள். பழைய பள்ளங்களில் நர்லிங் பற்கள் விழும் இடத்தில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும், அங்கே நிறுத்துங்கள். வேறு இடத்தில் இழுத்தால் புதுப் பள்ளம் வெட்டிக்கொண்டு போகும், துளை பெரிதாகும்.

முன்பக்கம் தடித்த வாஷர்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுங்கள். வாஷருக்கு வாஷர் இடையில் கொஞ்சம் கிரீஸ். மரையில் மட்டும் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பழைய நட்டைத் தலைகீழாக, அதாவது கூம்புப் பக்கம் வெளியே பார்க்க, தட்டைப் பக்கம் வாஷரில் படிய ஏற்றுங்கள். வாஷர்களின் மொத்த உயரம், நர்லிங் ஃபிளாஞ்சுக்கு வெளியே எட்டிப் பார்த்தாலும் நட் அதில் இடிக்காத அளவு இருக்க வேண்டும்.

ஃபிளாஞ்ச் சுற்றாமல் இருக்க மற்ற இரண்டு போல்ட்டுகளில் நட் ஏற்றி, இடையே நெம்புகோலைக் கொடுத்துத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு நீளக் கைப்பிடியால் சீராக முறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். கன்னில் இழுத்தால் தலை படிந்ததா, மரை இழுபட்டதா என்று கைக்குத் தெரியாது. முறுக்கும்போது விசை ஒரே மாதிரி கனமாக இருக்கும், போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வரும். தலை படிந்த கணம் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அத்தோடு நிறுத்துங்கள். விசை கூடிக்கொண்டே போய், தலை மட்டும் பின்னால் அசையவில்லை என்றால், போல்ட் கோணலாக ஏறுகிறது. வெளியே தள்ளிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். தலையைச் சுற்றி எங்கும் வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், 0.05 மி.மீ. அளவில், நுழையாமல் இருந்தால் வேலை சரி. இழுக்கப் பயன்படுத்திய பழைய நட்டை எல்லா போல்ட்டும் முடிந்ததும் தூக்கி எறியுங்கள். அதைச் சக்கரத்தில் போடக் கூடாது.

முறுக்கும்போது போல்ட் சுற்றினால் ஃபிளாஞ்ச் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். தலையில் ஒரு வெல்டிங் புள்ளி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பலமுள்ள போல்ட் என்பது சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் செய்த எஃகு; வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, தலைக்குக் கீழேயே முறியும். ஃபிளாஞ்சோடு கூடிய ஆக்ஸில் ஷாஃப்ட்டை மாற்றுவதைத் தவிர இதற்கு நேர்மையான வழி இல்லை.

மாருதி போன்ற வண்டிகளில்

முன் சக்கர இயக்கமுள்ள மாருதி கார்கள் பலவற்றில் பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. பேரிங்கும் அதற்குள்ளேயே இருக்கும். நடுவில் உள்ள தகர மூடியை எடுத்து, ஸ்பிண்டில் நட்டைக் கழற்றினால் டிரம் முழுதாகக் கைக்கு வந்துவிடும். பேக் பிளேட் தொல்லை இல்லை. மேசையில் வைத்து வேலை செய்யலாம், ஆனால் வார்ப்பிரும்பு அடி தாங்காது. தலை நுழையும் அளவு பெரிய சாக்கெட்டை துளைக்கு நேர் அடியில் முட்டுக் கொடுத்து, வைஸிலோ ஹைட்ராலிக் பிரஸ்ஸிலோ தள்ளுங்கள். ஸ்பிண்டில் நட்டைப் புதிதாகப் போட்டு, அந்த மாடலுக்கு மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள். பின்னால் டிஸ்க் உள்ள கார்களில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

திரும்ப மாட்டுதல்

டிரம்மின் உள்முகம், ஃபிளாஞ்ச் முகம், ரிம் படியும் இடம் மூன்றையும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். இடையில் மாட்டிய துரு செதில் நாளைக்கு உதிரும்; உதிர்ந்த அளவு நட் லூசாகும். ஷூ, டிரம் உட்பக்கம் எண்ணெய்க் கை படாமல் பிரேக் கிளீனரால் துடைத்து, பெயின்ட் புள்ளி பார்த்து டிரம்மை மாட்டுங்கள். ஷூ லேசாக உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு டிரம் தடையின்றிச் சுற்றும் அளவு பின்வாங்குங்கள்.

நட்டின் அடிப்பக்கம் ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட். டொயோட்டா அலாய் ரிம்கள் பலவற்றுக்குத் தட்டை வாஷரோடு கூடிய நீளக் கழுத்து நட். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்களில் உருண்டை அடி. மாற்றிப் போட்டால் நட் ரிம்மில் கோடளவு விளிம்பில் மட்டும் தொடும். எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. வெளியில் வாங்கிய அலாய் போட்டவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

மரைகள் காய்ந்தபடியே இருக்கட்டும். எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே 103 நியூட்டன் மீட்டரில் போல்ட் கால் பங்குக்கும் மேல் கூடுதலாக இழுபடும். ஐந்து நட்டையும் கையாலேயே இறுதிவரை ஏற்றுங்கள். நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்று விட்டு ஒன்றாக, முதல் சுற்று 50 நியூட்டன் மீட்டர். டயர் தரையைத் தொடும் அளவு ஜாக்கியை இறக்கி, அடுத்த சுற்று 103. ‘க்ளிக்’ கேட்டபின் இன்னொரு தட்டு தட்டும் பழக்கம் வேண்டாம். மற்ற வண்டிகளுக்கு ஓனர் மேனுவலில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து உயரம் பாருங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம் வரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியபின், ரிம் ஆறியிருக்கும்போது டார்க் ரெஞ்சை அதே அளவில் வைத்துப் பாருங்கள். முதல் முறை நட் கொஞ்சம் நகர்வது இயல்பு. புதுப் பரப்புகள் படிகின்றன. மீண்டும் 100 கி.மீ. கழித்து அதே நட் மறுபடி நகர்ந்தால், திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருக்காதீர்கள். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, அந்த போல்ட்டின் தலைக்குப் பின்னால் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள்.